சத்தமில்லாமல் பெற்ற பிள்ளை

1

நாங்கள் இருக்கும் ஜெர்மன் ஊரில் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை வீடுகளில் சத்தம் கேட்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது, பிள்ளைகள் மாடிப்படியில் பந்து உருட்டக் கூடாது. வாடகை ஒப்பந்தத்திலேயே இது எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று என் கணவர் சேகர் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார். கிழக்குத் தாம்பரத்தில், மின்சார ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது போனபின் தொடரும் வீட்டில் குடியிருந்தவர்கள் நாங்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சட்டம் புதிதல்ல.

இந்த வசந்த காலத்தில் ஒரு மதியம், என் மகள் மீரா பால்கனிக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டாள். ஆறு வயது. வீடே அதிரும்படி கத்தினாள். நான் ஓடிப்போய் விரலைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தபோதே அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுக் கிழவர். கெட்டவரில்லை, கிறிஸ்துமஸுக்கு மீராவுக்குச் சாக்லேட் கொடுப்பவர். மணி அடித்ததும் என் கை தானாகப் போய் மீராவின் வாயைப் பொத்தியது. இலேசாக அல்ல, அழுத்திப் பொத்தியது.

மீரா சட்டென்று அழுகையை நிறுத்தினாள். என் விரல்களுக்கு மேல் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. வலியை மறந்து, என்னையே பார்த்த கண்கள். அந்தப் பார்வை எந்த வீட்டில், எந்த அடுப்படியில் பார்க்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். கையை எடுத்தேன். கிழவருக்குக் கதவைத் திறக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனார்.

"மாமா, ஏன்?" என்று மீரா கேட்டாள். ஜெர்மன் பிள்ளைகள் அம்மாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா என்று சொல்லு என்று எத்தனையோ முறை திருத்தியாயிற்று. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின் அவளிடம் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் சேகர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணியோடு நின்றிருந்த நான், கேட்க வேண்டும் என்று நினைக்காமலே கேட்டேன்:

"பையன எங்க வெச்சீங்க?"

பத்து வருடம் ஆயிற்று. ஒருமுறைகூட நான் இதைக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. சேகர் குழாயை மூடினார். எந்தப் பையன் என்று கேட்கவில்லை.

"மாடம்பாக்கம் ரோட்ல. ஏரி ஓரமா," என்றார். பிறகு மறுபடி குழாயைத் திறந்தார்.

அதனால்தான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

2

என் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா லாரி ஓட்டுபவர். வடக்கே போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். என்னைப் பல்லாவரத்தில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். முதலில் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு தீபாவளிக்கு வந்தார், பிறகு வரவில்லை. நாக்பூரில் வேறு குடும்பம் என்று யாரோ சொன்னார்கள்.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான் வீடு. மாமா ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அந்தப் பகல் முழுக்க வீட்டில் சத்தம் வரக் கூடாது. மலைப்பக்கம் கல் உடைக்க வெடி வைப்பார்கள், தலைக்கு மேலே விமானம் இறங்கும். அதற்கெல்லாம் மாமா விழிக்க மாட்டார். அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தால் விழித்துக்கொள்வார். விழித்தால் அத்தையின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதுவார். என்னை அவர் அடித்ததில்லை. நான் போட்ட சத்தத்துக்கும் அடி அத்தைக்குத்தான்.

அதனால் அத்தை என் வாயைப் பொத்துவாள். அவள் கையில் எப்போதும் வெங்காய வாசனை இருக்கும். "வாயத் தொறக்காதடி, அவரு எழுந்துக்கப் போறாரு" என்று என் காதருகில் மூச்சுக் காற்றாகச் சொல்வாள். அம்மாவை நினைத்து அழும்போதும் பொத்துவாள். தும்மல் வந்தாலும் பொத்துவாள். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருக்கும். அவள் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒருமுறை கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிக்கொண்டேன். முழங்கை வரை வெந்துபோயிற்று. நான் தரையில் உட்கார்ந்து பாவாடையை வாயில் திணித்துக்கொண்டேன். அத்தை உள்ளே வந்து பார்த்தாள். மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் என் தலையைத் தடவினாள். அந்த வீட்டுக்கு வந்தபின் ஒருவர் என்னைத் தடவியது அதுதான் முதல் தடவை. மறுநாள் பக்கத்துப் போர்ஷன்காரியிடம், "எங்க கஸ்தூரி இன்னா நல்ல பொண்ணு தெரியுமா? கை வெந்துகினு கீது, வாயத் தொறந்து ஒரு சத்தம் போடல" என்றாள்.

அதை நான் ஒரு பதக்கம்போலப் போட்டுக்கொண்டேன். எனக்குச் சமையல் சரியாக வராது, படிப்பு சுமார், பார்க்கவும் சுமார். சத்தம் போடாத பெண் என்பதால்தான் இந்த வீட்டில் எனக்கு இடம் என்று நம்பினேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் இடது காதில் வலி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தலையணையில் சீழும் ரத்தமுமாக வழிந்ததைப் பார்த்துத்தான் அத்தைக்குத் தெரிந்தது. அந்தக் காது இன்றும் பாதிதான் கேட்கும். ஜெர்மன்காரர்கள் பேசும்போது நான் வலப்பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

3

பதினெட்டு வயதில் சேகருக்கு என்னைக் கொடுத்தார்கள். குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை. அவருக்கும் பெற்றோர் இல்லை. அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். பெண் பார்க்க வந்த அன்று, "எங்க பொண்ணு அதிர்ந்து பேசாது" என்று அத்தை சொன்னாள். அவர் அண்ணிக்கு அது பிடித்துப்போயிற்று.

கிழக்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் தனிக்குடித்தனம். சேகர் நல்லவர். குரலை உயர்த்த மாட்டார். முதல் மாதங்களில் அவர் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால்கூட நான் அடுப்படியில் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். "என்ன கஸ்தூரி, உடம்பு சரியில்லையா?" என்பார்.

அடுத்த வருடம் கர்ப்பமானேன். ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள் இல்லையா, எனக்கு எந்த வீடு? அத்தையிடம் சேகர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "அவரு தூங்குற வூட்ல கைக்கொழந்தய எப்படி வெச்சுக்கறது தம்பி?" என்றாளாம். அவர் அதைச் சொன்னபோது எனக்கு அத்தை மேல் கோபம் வரவில்லை. அது நியாயம் என்றுதான் பட்டது. எதிர்வீட்டு ரீட்டா அக்காதான் தாம்பரம் மார்க்கெட்டில் கண்ணாடி வளையல் வாங்கிவந்து என் இரண்டு கையிலும் போட்டுவிட்டார். அவர் பள்ளிக்கூட டீச்சர், மூன்று பிள்ளை பெற்றவர். "பயப்படாத கஸ்தூரி, வலி வர்றப்போ நல்லா கத்திடு. கத்தினா வலி பாதி குறைஞ்சிடும்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஒரு காலையில் வலி எடுத்தது. சேகர் ஷிப்டுக்குப் போயிருந்தார். ரீட்டா அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பிரசவ வார்டுக்குள் கூட வந்தவர்களை விடவில்லை. அக்கா வராந்தாவில் நின்றுவிட்டார்.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். எல்லாவற்றிலும் பெண்கள். இரண்டு வார்டுக்கும் சேர்த்து ஒரே நர்ஸ் ஓடிக்கொண்டிருந்தார். என்னைப் பரிசோதித்துவிட்டு, "தலைப்பிரசவம், இன்னும் நேரமாகும். வலி தாங்க முடியலன்னா கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் "அம்மா, அம்மா" என்று அலறிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்தவளும் அம்மாவைத்தான் கூப்பிட்டாள். அந்த அறையில் எல்லோருக்கும் அதே சொல்தான் வந்தது. வலி வந்தால் நம்மவர்களுக்குத் தானாக வரும் சொல் அது. ஒன்பது வயதுக்குப் பின் நான் அதைச் சொன்னதில்லை. என் வாய்க்கு அது மறந்துபோயிருந்தது.

ஆயா ஒருத்தி அலறிய பெண்ணை அதட்டினாள். "இன்னாமே, நீ மட்டுந்தான் ஊர்ல புள்ள பெக்குறியா? காது கிழியுது." பிறகு என்னைக் காட்டிச் சொன்னாள்: "தோ, அந்தப் பொண்ணப் பாரு. எவ்ளோ அடக்கமா பட்த்துனு கீது. அதுக்கும்தான் வலி கீது."

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த வார்த்தை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன்.

வலி தாங்க முடியாவிட்டால் கூப்பிடு என்றார் நர்ஸ். தாங்க முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வலியும் வந்தபோது, இதைத் தாங்கிவிட்டேன், ஆகவே இது இல்லை என்று நினைத்தேன். நடுவில் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் தெளிவாக இல்லை, பச்சையாக இருந்தது. பிள்ளை உள்ளே திணறுவதன் அடையாளம் அது என்று எனக்குத் தெரியாது. படுக்கையை நனைத்துவிட்டேனே, திட்டுவார்களே என்று புடவையால் துடைத்தேன். நர்ஸ் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தார். கத்துகிறவர்களிடம் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

வெளியே ரயில் போகிற சத்தம் கேட்டது. கீழே ஏதோ கிழிவது தெரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்தேன். ரீட்டா அக்கா போட்ட வளையல்களில் சில உடைந்தன. அந்தச் சத்தத்துக்குத்தான் ஆயா திரும்பிப் பார்த்தாள். வந்து துணியை விலக்கினாள்.

"ஐயோ சிஸ்டர், ஓடியாங்க! தல வெளிய வந்துகினு கீது!"

அதன்பிறகு நிறையப் பேர் வந்தார்கள். டாக்டரும் வந்தார். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. பையன். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார்கள், உள்ளங்காலில் சுண்டினார்கள், வாயில் ஊதினார்கள். சத்தம் போடாத அம்மாவுக்குப் பிறந்த அவனும் சத்தம் போடவில்லை.

டாக்டர் என் தலைமாட்டுக்கு வந்தார். வயதான பெண். கோபப்படவில்லை. "ஏம்மா, ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? இங்கேயேதானே இருந்தோம்" என்றார்.

என்னை அடக்கமானவள் என்று சொன்ன ஆயாதான் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "பாத்துக்கோ கண்ணு" என்று காட்டினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவனுக்கு நிறைய முடி இருந்தது. ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. பிறகு கொண்டுபோய்விட்டார்கள். சேகர் வந்து வாங்கிக்கொண்டு போனார் என்று ரீட்டா அக்கா சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

4

வீட்டுக்கு வந்தபின் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இல்லை என்பது மாருக்குத் தெரியவில்லை. கல்போல இறுகி, காய்ச்சல் வந்தது. சேகர் பயந்துபோய் பல்லாவரம் போய் அத்தையைக் கூட்டிவந்தார்.

அத்தை மடி நிறைய மல்லிகை கொண்டுவந்திருந்தாள். நம் ஊரில் பால் வற்ற மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டுவார்கள். சேகரை வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, என் ரவிக்கையை அவிழ்த்து, பூவை வைத்துப் பழைய வேட்டித் துணியால் சுற்ற ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு வைத்துக்கொண்ட பூவின் வாசனை அது. எனக்கு இன்றுவரை மல்லிகை வாசனை ஆகாது.

சுற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரு கொரல் வுட்டிருக்கக் கூடாதாடி? அத்தினி பேர் இருந்தாங்களே. வாயத் தொறந்து ஒரு வார்த்த கூப்ட்டிருந்தா புள்ள பொழச்சிருக்குமே."

"நீங்கதான அத்த..." என்றேன்.

அத்தையின் கை நின்றுபோயிற்று. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பழைய தீத்தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி துணியைச் சுற்றினாள்.

"எனக்கும் ரெண்டு போச்சு," என்றாள். "நீ வர்றதுக்கு முன்னாடி. ரெண்டும் அந்த அடுப்படிலதான். பகல்ல வலி வந்துச்சு. அவரு தூங்கினு இருந்தாரு. எழுப்புனா அடிப்பாருன்னு துணியக் கடிச்சிகினு கெடந்தேன். சாயங்காலம் அவரு எழுந்து வந்து பாக்கறாரு, எல்லாம் முடிஞ்சி போச்சு."

எனக்கு அவளை மன்னிக்கவும் தோன்றவில்லை, சபிக்கவும் தோன்றவில்லை. அவள் முடிச்சுப் போட்டாள். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டாள். வலித்தது. "இல்ல" என்றேன்.

5

சேகரின் கம்பெனி அவரைப் பயிற்சிக்கு ஜெர்மனி அனுப்பியது. போன இடத்தில் அவர் கைவேலையைப் பார்த்து அங்கேயே வேலை கொடுத்தார்கள். நானும் வந்து சேர்ந்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவை நீட்டிக்க வரிசையில் நிற்போம். சேகர் பேசுவார், நான் பக்கத்தில் நிற்பேன். "உங்கள் மனைவி மிகவும் அமைதியானவர்" என்று அந்த அதிகாரி ஒருமுறை பாராட்டினார். சேகர் எனக்கு மொழிபெயர்த்தார். எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு இதே நற்சான்றிதழ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி கர்ப்பமானதும் பயம் வந்தது. பிள்ளை அசைந்தால் பயம், அசையாவிட்டால் பயம். சேகரிடம் சொல்லவில்லை. அவரும் பயந்துகொண்டிருந்தார், அவரும் சொல்லவில்லை. இந்த ஊரில் பிரசவம் பார்க்கும் பெண்ணை ஹெபம்மே என்பார்கள். முதல் தடவை கேட்டபோது என் அரைக் காதுக்கு அது 'ஹேபம்மா' என்று விழுந்தது. ஏதோ ஒரு அம்மா என்று எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு அமைந்தவர் பெயர் ஹைக்க. நெட்டையான, பெரிய கைகள் கொண்ட பெண்.

முதல் நாள் அவர் கேள்விகள் கேட்க, சேகர் பதில் சொன்னார். இது எத்தனையாவது பிள்ளை என்று கேட்டபோது சேகர் ஒரு கணம் தயங்கிவிட்டு, முதல் பிள்ளை என்றார். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. இறந்துபோனான் என்ற வார்த்தையை இன்னொரு மொழியில் சொல்ல அவரால் முடியவில்லை. நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

ஹைக்க என்னைப் பார்த்தார், சேகரைப் பார்த்தார். பிறகு அவரைப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வரச் சொன்னார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். என்னிடம் கொஞ்சம்தான் ஜெர்மன் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு உங்களைப் பெற்றபோது எப்படி இருந்தது என்று கேட்டார். தெரியாது, அம்மா இல்லை என்றேன். முதல் பிள்ளை? "இறந்துபோனான்" என்றேன். ஏன் என்று கேட்டார். அதற்கு எனக்கு வார்த்தைகள் இல்லை. என் கையை எடுத்து என் வாயைப் பொத்திக் காட்டினேன். அவர் என் கையை மெல்ல இறக்கிவிட்டார். பிறகு எனக்குப் புரியும்படி எளிய வார்த்தைகளில், "இங்கே நீ கத்தலாம். கத்தாவிட்டாலும் பரவாயில்லை. நான் பக்கத்தில் இருப்பேன்" என்றார்.

அப்படியே இருந்தார். வலி வந்த அன்று அவர் என்னைவிட்டு நகரவில்லை. என் வயிற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வலியும் எழும்பும்போது நான் சொல்லாமலே அவர் கைக்குத் தெரிந்தது. நான் வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கத்தலாம் என்று ஒருவர் சொன்னதும் கத்தல் வந்துவிடுமா?

கடைசியில் ஹைக்க என்னைப் பரிசோதித்துவிட்டு, உள்ளே வந்த நர்ஸிடம் ஏதோ சொன்னார். அதில் எனக்குத் தெரிந்த வார்த்தைகள் மூன்று: அம்மா, வாய், திறந்திருக்கிறது. கருப்பை வாய்க்கு ஜெர்மன்காரர்கள் 'தாயின் வாய்' என்றுதான் சொல்வார்களாம். அது எனக்கு எப்படித் தெரியும்? தாய் வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சொன்னபடி கேட்டே பழகியவள் நான். வாயைத் திறந்தேன்.

"அம்மா!"

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடுத்த வலிக்கும் வந்தது. ஹைக்க தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, "இருக்கிறேன், இங்கேதான் இருக்கிறேன்" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார். வெளியே நின்ற சேகர் என் குரல்தானா என்று சந்தேகப்பட்டாராம். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை.

மீரா அழுதுகொண்டே பிறந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இவ்வளவு சுலபமா என்றுதான் இருந்தது. ஒரு சத்தம். அது அவனைப் பெற்ற அன்று வந்திருந்தால் அவனுக்கு அப்போது நான்கு வயது ஆகியிருக்கும். அவளை மாரில் போட்டார்கள். அவளுக்கும் நெற்றியில் ஈர முடி. நான் மகனுக்காக அன்றுதான் முதல்முதலாக வாய்விட்டு அழுதேன். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நர்ஸ் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைக்க ஆளில்லை. சேகர் மிளகு ரசம் வைத்தார். மீரா அழும்போதெல்லாம் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். அழாமல் தூங்கினால் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன். நல்ல அம்மாக்களுக்கு இதெல்லாம் தெரிந்தே இருக்கும் என்றும், எனக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை என்றும் தோன்றும்.

6

இந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். மாமா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அத்தை அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். வீட்டுக்கு ஒரு டிவி வந்திருக்கிறது. காலையிலிருந்து இரவு வரை தெருவே கேட்கும்படி ஓடுகிறது. "கொறைக்கவா அத்த?" என்றேன். "வாணாண்டி. சத்தம் இல்லாங்காட்டி அவரு உள்ள தூங்கினு கீறாப்பலயே கீது" என்றாள்.

மீரா அவளிடம் ஜெர்மனும் தமிழும் கலந்து ஏதேதோ பேசினாள். அத்தைக்குப் பாதி புரியவில்லை. கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்கம்மா மாதிரியே வாய்" என்றாள் என்னிடம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் அம்மாவைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அம்மாவுக்கு என்னப் பெத்தப்போ எப்படி இருந்துச்சு அத்த?"

"ஐயே, அத ஏன் கேக்குற. கத்துன கத்துல தெருவே கூடிப்போச்சு. எங்க தம்பி வெளிய நின்னு அழுதுகினு கெடந்தான். பெத்து முடிச்சதும் பசிக்குதுன்னு கேட்டா பாரு, அந்தப் பொம்பள!" அத்தை சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. டிவி சத்தத்தில் அழுகை கேட்கவில்லை.

கிளம்பும் முன் ஒரு காலையில் சேகரிடம், "அங்க கூட்டிட்டுப் போங்க" என்றேன். மூவரும் தாம்பரத்தில் பஸ் ஏறினோம். மாடம்பாக்கம் ரோட்டில் இறங்கி, சேகர் இரண்டு முறை வழி தவறினார். அன்று வெறும் முள்ளுக்காடாக இருந்ததாம். இப்போது கல் நட்டுப் பிரித்த மனைகள், பாதி கட்டிய சுவர்கள், புதிதாக வெள்ளையடித்த வீடுகள். ஏரி எங்கோ பின்னால் ஒதுங்கியிருந்தது. கடைசியில் ஒரு பனைமரத்தைப் பார்த்து நின்றார். அதை ஒட்டி ஒரு சின்ன வீடு, இரும்புக் கேட். உள்ளே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இதுவா?"

"இந்த மரந்தான். இதுக்குக் கெழக்கால," என்றார். கிழக்கே அந்தப் பெண்ணின் துணிக்கொடி இருந்தது.

அவள் எங்களைப் பார்த்துவிட்டாள். "இன்னா சார், எடம் பாக்க வந்தீங்களா? இந்தப் பக்கம் எல்லாம் வித்துப்போச்சு. அந்தக் கடைசில ரெண்டு மனை கீது, கேட்டுப் பாருங்க."

மீரா என் கையை இழுத்து, இங்கே யார் இருக்கிறார்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். இதற்கு ஜெர்மனில் பதில் சொல்ல எனக்கு வராது.

"உங்க அண்ணன்," என்றேன். "உனக்கு முன்னாடி பொறந்தவன்."

அவளுக்கு அண்ணா என்ற சொல் தெரியும். ஊருக்குப் போன நாளிலிருந்து கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தோம். அவள் முகம் மலர்ந்தது. வீட்டின் திறந்த கதவைப் பார்த்தாள்.

"உள்ளயா?"

நான் பதில் தேடுவதற்குள் அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா!" என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

அந்தப் பெண் கையில் பிழிந்த துணியோடு கேட் அருகே வந்தாள். "பாப்பா யாரக் கூப்புடுது?"

நான் வாயைத் திறக்கும் முன் சேகர் சொன்னார்.

"எங்க மூத்த பையனம்மா. பொறந்தன்னைக்கே போயிட்டான். இங்கதான் வெச்சேன்."

அவள் தன் காலடி மண்ணைப் பார்த்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோபப்படுவாள், அபசகுனம் என்று கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"செருப்ப அங்கயே வுட்டுட்டு வாம்மா," என்றாள்.